முப்பத்தைந்து அங்குலம் ஐந்து நூல்

காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அந்த அளவு என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. நீளம் 35 அங்குலம் 5 நூல். அகலம் 23 அங்குலம் 6 நூல். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

அது ஒரு பவர் ஹாமரின் அடித்தட்டில் உள்ள நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளி. பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து வடிவுக்குக் கொண்டுவரும் மிஷின். மணலி ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதை மூன்று தரம் சுற்றி வந்தார். பெல்ட் சக்கரத்தைக் கையால் உருட்டினார். மேலே இருந்த சுத்தி ஏறி இறங்கியது.

"உசுரு கீது," என்றார்.

அளக்க வேண்டியது நான். அவருக்கு நூல் கோடு தெரியாது. முப்பது வருஷம் உலை வாயைப் பார்த்து மங்கிய கண். நான் ஐந்தாவது வரை படித்தவள். இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்ப்படக் கம்பெனியில் கோர் போட்டேன். கோர் என்றால் மணல் கட்டி. உருக்கிய இரும்பை ஊற்றும்போது எங்கே ஓட்டை வேண்டுமோ அங்கே மணல் கட்டியை வைப்பார்கள். இரும்பு அதைச் சுற்றி ஓடி நிற்கும். ஆறிய பிறகு மணலைக் குத்தி எடுத்தால் ஓட்டை. ஒவ்வொரு கோரையும் அளந்துதான் அனுப்புவேன். அதற்கு ஒரு ஸ்கேல் வைத்திருந்தேன். இரண்டடி நீளம், எஃகு. கம்பெனியை மூடிய அன்று அது என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. எடுத்து வந்தேனா, பையோடு வந்துவிட்டதா, எனக்கே தெரியாது.

அந்த ஸ்கேலோடு எண்ணெய்ச் சேற்றில் குந்தினேன். மிஷினுக்கு அடியில் கை போகவில்லை. மேலிருந்தே ஓட்டைக்கு ஓட்டை அளந்தேன். கடைக்காரர் பக்கத்தில் நின்று டீ குடித்தார்.

"யக்கா, இத்த வச்சு ஹெலிகாப்டரா செய்யப் போற? நூலு வரிக்கும் பாக்குற."

நான் அளவைப் படித்தேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தார்.

"முப்பத்தஞ்சே அஞ்சு நூலா? எவன்மே இப்டி ஓட்டை போடுவான்? முப்பத்தாறுன்னு போட்டுட்டுப் போவ மாட்டானா?"

"கீறதத்தான சொல்ல முடியும்."

"இன்னொரு தபா பாரு."

இன்னொரு தரம் பார்த்தேன். அதேதான் வந்தது. அதே ஸ்கேலில் நூறு தரம் அளந்தாலும் அதேதான் வரும் என்று அப்போது தோன்றவில்லை. வெளிநாட்டு மிஷின், அவன் ஊர்க் கணக்கு வேறு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஐந்து நூல் நெஞ்சில் முள் மாதிரி நின்றது. பஸ்ஸில் வரும்போது தாளைப் பிரித்துப் பார்த்தேன். மடித்தேன். மறுபடி பிரித்தேன்.

"இன்னாமே, லவ் லெட்டரா அது?" என்றார்.

அவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எண்ணூர் பக்கம் இரும்பு அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். ஆளைக் குறைத்தார்கள். ஓசூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் அங்கேயே தங்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு அறை. வருஷத்துக்கு இரண்டு தரம் ஊருக்கு வரலாம். ஏற்கெனவே ஒரு தரம் அப்படிப் போயிருக்கிறார். பொண்ணு வயிற்றில் இருந்தபோது போனவர், அவள் நடக்க ஆரம்பித்த பிறகு வந்தார். அவரைப் பார்த்து அழுதாள்.

இந்தத் தடவை இங்கேயே ஒரு வழி இருந்தது. காசிமேட்டில் நான்கு விசைப்படகு வைத்திருந்த ஒருவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். மடி வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகளை இழுத்துப் போவார்கள். அவை கடல் தரையில் உரசிப் போகும். அடியில் இரும்புப் பட்டை வேண்டும். அந்தப் பட்டை, கொக்கி, நங்கூரக் கை, எல்லாம் அடித்துச் செய்வது. வலையை இழுக்கும் வின்ச்சுக்குக் கப்பி வார்த்துச் செய்வது. அடிப்பதும் வார்ப்பதும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும் என்றார் அவர்.

"பாரு மாமு. இப்ப மீன்பிடித் தடை. ரெண்டு மாசம் படகு கரையில தான். தடை முடிஞ்சி படகு எறங்குறதுக்குள்ள உன் பட்டை என் பலகையில இருக்கணும். இருந்துச்சின்னா வருஷம் பூரா வேலை உன்னுது. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். அப்பால மூஞ்சத் தூக்கக் கூடாது."

வீட்டுக்காரர் அன்றே ஒரு பையில் இரண்டு சட்டையும் லுங்கியும் வைத்து ஆணியில் மாட்டினார்.

"சுத்தி அடிச்சா இங்க. அடிக்கலன்னா ஓசூரு," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சடையங்குப்பத்தில் ஒரு ஷெட் கிடைத்தது. நாற்பதடிக்கு இருபதடி. மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம். போன வெள்ளத்தின் கோடு சுவரில் என் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக இருந்தது. மோட்டாரையெல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏற்ற வேண்டும் என்று முதலில் முடிவு செய்தோம்.

எதை எங்கே வைப்பது? காகிதத்தில் படம் போட எங்களுக்கு வராது. பழைய பேனர்களை வாங்கிவந்தேன். சாலையோரம் கட்டும் ஃப்ளெக்ஸ். அதில் ஒவ்வொரு மிஷினின் அடியையும் நிஜ அளவில் வெட்டினேன். ஹாமருக்கு ஒரு காதணி விழா. காய்ச்சும் உலைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. இரும்பை உருக்கும் கியூபோலாவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும், பிறந்தநாள் பேனர் ஒன்று சரியாக வந்தது. தலைவர் முகம் நடுவில் மாட்டிக்கொண்டது.

"அவுரு மேல உலையக் குந்த வக்கறியே, பேஜாரு ஆய்டும்," என்றார் வீட்டுக்காரர்.

"திருப்பிப் போடு."

நான்கு நாள் அந்தத் தட்டிகளை இழுத்து இழுத்துப் போட்டோம். உலை வாயிலிருந்து ஹாமருக்கு அவர் மூன்று எட்டில் போக வேண்டும். நான்காவது எட்டில் இரும்பு கறுத்துவிடும். ஆனால் ரொம்ப நெருக்கமாகவும் வைக்க முடியாது. படகுப் பட்டை ஐந்தடி. அதைப் பிடிக்கும் இடுக்கி மூன்றடி. அவர் உடம்பு ஒன்றரை அடி. ஒரு மூங்கிலை அந்த நீளத்துக்கு வெட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் திரும்பினார். சுவரில் இடித்தது. தட்டியை நகர்த்தினோம். தூணில் இடித்தது. மறுபடி நகர்த்தினோம்.

என் பக்கம் வார்ப்பு. உருக்கிய இரும்பைக் கரண்டியில் இரண்டு பேர் தூக்கி வரும் வழியும் அவர் மூங்கில் சுற்றும் வட்டமும் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. ஒரு பானையில் தண்ணீர் நிரப்பிக் கம்பில் மாட்டி, நானும் அவரும் நடந்து பார்த்தோம். எங்கே சிந்துகிறதோ அங்கே வழி சரியில்லை. பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். பொறி அவர் பக்கம் போகும். கியூபோலாவை மேற்கு மூலைக்கு மாற்றினோம். எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து இன்னொரு தரம் அளப்பேன்.

"அளந்து அளந்து தரையத் தேச்சுடாதமே."

ஹாமருக்கு மட்டும் ஆழமாகக் குழி தோண்டிக் காங்கிரீட் போட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வோர் அடிக்கும் மிஷின் நடந்து போய்விடும். மூன்றடியில் தண்ணீர் ஊறியது. மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். காங்கிரீட்டில் நான்கு போல்ட்டை நட்டு வைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு மிஷினை அதன் மேல் இறக்கி நட்டை முடுக்க வேண்டும். வேலை எடுத்த கொத்தனார் மாத்தூர்க்காரர். வீட்டுக்காரர் காதணி விழா தட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார். அதில் நான்கு ஓட்டையையும் நான் வெட்டி வைத்திருந்தேன்.

கொத்தனார் சிரித்தார். "பேனர வச்சுலாம் நான் காங்கிரீட்டு போட மாட்டேன் நைனா. நெளியுது பாரு. அளவு இன்னான்னு சொல்லு, டேப்ல புடிச்சி வச்சுடறேன்."

காலண்டர் தாளைக் கொடுத்தேன். அவர் டேப்பை நீட்டி அதன்படியே பலகைச் சட்டம் செய்து போல்ட்டுகளை நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்று தாளையும் டேப்பையும் பார்த்தேன். 35 அங்குலம் 5 நூல். சரியாக இருந்தது.

தடை முடியப் பதினெட்டு நாள் இருக்கும்போது மிஷின் வந்தது. ஹைட்ரா கிரேன் வண்டி அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது. ஷெட்டின் முன்பக்கத் தகரத்தைக் கழற்றியிருந்தோம். மிஷின் மெதுவாக இறங்கியது. ஒரு மூலையில் போல்ட் ஓட்டைக்குள் போனது. மற்ற மூன்றும் போகவில்லை. தட்டு போல்ட் முனைகள் மேல் உட்கார்ந்தது.

வீட்டுக்காரர் தூக்கச் சொன்னார். திருப்பிப் போடச் சொன்னார். இப்போது வேறு மூலை போனது. மற்ற மூன்று போகவில்லை.

ஹைட்ரா ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "போல்ட்ட ரெண்டு தட்டு தட்டி வளைச்சுடு தல. எனக்கு அடுத்த லோடு கீது."

"வளைஞ்ச போல்ட்டுல இது நிக்காது. ஆடும்," என்றார் வீட்டுக்காரர். "ஓட்டையப் பெருசு பண்ணவும் முடியாது. வார்ப்பு இரும்பு. ஓரத்துல ஏற்கெனவே மயிரு மாதிரி ஒரு விரிசல் ஓடுது."

கொத்தனாரைக் கூப்பிட்டோம். வந்ததும் டேப்பைப் போல்ட்டுகள் மேல் வைத்தார். "இந்தா பாரு. முப்பத்தஞ்சே அஞ்சு நூலு. அந்தப் பக்கம் இருபத்துமூணே ஆறு. நீ எழுதிக் குடுத்தது. என் மேல வுடாத."

அப்புறம் மிஷின் ஓட்டைகளில் வைத்தார். முப்பத்தாறு. இருபத்துநான்கு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் ஸ்கேலை எடுத்து அதே ஓட்டைகளில் வைத்தேன். 35 அங்குலம் 5 நூல். ஸ்கேலைத் தரையில் வைத்து அதன் பக்கத்தில் கொத்தனாரின் டேப்பைப் போட்டேன். ஆரம்பம் ஒன்றாக இருந்தது. பன்னிரண்டாவது அங்குலத்தில் என் ஸ்கேல் ஒரு நூல் தாண்டி நின்றது.

அப்போதே புரிந்துவிட்டது. உருக்கிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் வார்ப்பில் அச்சும் கோரும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் கணக்குப் போடாமல் இருக்க, அந்த ஸ்கேலிலேயே ஒவ்வோர் அங்குலத்தையும் கொஞ்சம் நீட்டிக் கோடு போட்டிருப்பார்கள். வார்ப்படத்துக்கு மட்டும் உள்ள ஸ்கேல். எனக்கு அது தெரியும். முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் வேறு ஸ்கேலை நான் கையில் தொட்டதில்லை. எனக்கு அங்குலம் என்றால் அதுதான்.

பேனர் தட்டிகள் தப்பில்லை. அந்த ஸ்கேலில் அளந்து அந்த ஸ்கேலிலேயே வெட்டியவை. காதணி விழாவை எடுத்து மிஷின் தட்டின் மேல் போட்டேன். நான்கு ஓட்டையும் நான்கு ஓட்டை மேல் உட்கார்ந்தது. எண்ணாக எழுதி வேறு ஆளின் டேப்புக்குக் கொடுத்தபோதுதான் கெட்டது.

"என் தப்பு," என்றேன். எதனால் என்றும் சொன்னேன்.

கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். "யம்மா, நல்ல வேளை நீ பொண்ணுக்கு ஜாக்கெட்டு தைக்கல."

வீட்டுக்காரர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மிஷினைப் பக்கத்தில் மரக்கட்டை மேல் இறக்கச் சொல்லி ஹைட்ராவை அனுப்பினார். போல்ட்டுகளுக்கு நடுவே காங்கிரீட்டில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினெட்டு நாளு," என்றார்.

மறுநாள் உடைக்கும் மிஷின் கொண்டுவந்தார்கள். போல்ட்டைச் சுற்றி மட்டும் குடைந்து எடுப்பது என்று யோசனை. இரண்டாவது போல்ட்டைக் குடையும்போது காங்கிரீட்டின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது. போல்ட்டுகள் ஓரத்தில் இருந்ததால் தாங்கவில்லை. மேலே ஒன்றரையடியை முழுக்க உடைத்து மறுபடி போட வேண்டும் என்றார் கொத்தனார்.

நான் கால் நிற்காமல் ஷெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். வேறு எதை எல்லாம் எண்ணாக எழுதிக் கொடுத்தேன்? கியூபோலா புகைக்குழாய்க்குக் கூரையில் வெட்டிய ஓட்டை. மோட்டார் ஸ்டாண்டு. ஒவ்வொன்றாகக் கொத்தனாரின் டேப்பில் பார்த்தேன். புகைக்குழாய் ஓட்டை இரண்டு நூல் சின்னது. அதை ரம்பத்தில் வெட்டிக்கொள்ளலாம். காங்கிரீட்டை வெட்ட முடியாது.

"அளவு இன்னாம்மா, இப்பவாச்சும் சொல்லு," என்றார் கொத்தனார். "முப்பத்தாறுல நட்டுடவா?"

முப்பத்தாறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டேப்பும் என் கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னொரு தரம் தவறினால் ஓசூர்தான். ஆணியில் பை தொங்கியது.

"போல்ட்ட நடாத," என்றேன். "நான் கோர் தரேன்."

இரண்டு பேரும் புரியாமல் பார்த்தார்கள். விளக்கிச் சொன்னேன். போல்ட் இருக்க வேண்டிய நான்கு இடத்திலும் மணல் கட்டியை நிறுத்து. சுற்றிக் காங்கிரீட் போடு. காய்ந்ததும் மணலைக் குத்தி எடுத்துவிடலாம். நான்கு பள்ளம் கிடைக்கும். மிஷினை உட்கார வை. போல்ட்டை மிஷின் ஓட்டையிலிருந்தே கீழே தொங்கவிடு. அப்புறம் பள்ளத்தில் சிமென்ட் கலவையை ஊற்று. எந்த ஸ்கேலும் வேண்டாம். ஓட்டை எங்கே இருக்கிறதோ போல்ட் அங்கேயே நிற்கும்.

கொத்தனார் யோசித்தார். "மரக்கட்டை வச்சும் நாங்க அப்டிப் போடுவோம். ஆனா கட்டைய உருவணுமே. அதுக்கு மேல அகலமா, கீழ ஒடுக்கமா இருக்கணும். இது அடிக்கிற மிஷினு. அந்த மாதிரி பள்ளத்துல போல்ட்டு மேல வந்துடும்."

"மணல உருவ வேணாம். ஒடச்சி அள்ளலாம். கீழ அகலமா, மேல ஒடுக்கமா செஞ்சு தரேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப போட்டதுக்கே நீ கோரு குடுத்திருக்கலாமேம்மா."

குடுத்திருக்கலாம். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டு நாளில் நான்கு கோர் செய்தேன். மணல், களிமண், வெல்லப்பாகுக் கழிவு. காய்ச்சும் உலையை மூட்டி அந்தச் சூட்டில் சுட்டு எடுத்தேன். ஈரக் காங்கிரீட் உறிஞ்சாமல் இருக்கக் கண்ணீர் அஞ்சலியைக் கிழித்துச் சுற்றினேன். கை தானாக வேலை செய்தது. அந்த இரண்டு நாள் மட்டும் மனசு கொஞ்சம் சும்மா இருந்தது.

காங்கிரீட் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். காத்திருப்பதுதான் என்னால் முடியாத வேலை. காலையில் ஈரச்சாக்கைப் போடுவேன். மத்தியானம் தூக்கிப் பார்ப்பேன். ஓசூர்க்காரர் இரண்டு தரம் போன் செய்தார். வீட்டுக்காரர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு புது டேப் வாங்கிவந்தேன். கடையிலேயே இன்னொரு டேப்பைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் மணலைக் குத்தி எடுத்தேன். பதினோராம் நாள் ஹைட்ரா வந்தது. அதே ஓட்டுநர்.

"இன்னிக்கு எறங்குமா, இல்ல பாத்துட்டுத் தூக்கிக்கினு போறதா?"

இறங்கியது. நான்கு போல்ட்டும் நான்கு பள்ளத்தில் தொங்கின. கலவையை ஊற்றினோம். அது சீக்கிரம் இறுகும் கலவை. ஆனாலும் மூன்று நாள்.

தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது சுத்தி முதல் அடி அடித்தது. வீட்டுக்காரர் ஓர் அடியோடு நிறுத்தினார். நான் டேப்பால் இல்லை, கையால் நான்கு நட்டையும் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

"அடி," என்றேன்.

இரண்டு நாளில் ஒரு படகுக்குத்தான் முடிந்தது. மற்ற மூன்று படகுக்குப் படகுக்காரர் வேறு இடத்தில் வாங்கிப் போட்டுவிட்டார். எங்கள் பட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"லேட்டு மாமு. சொன்னது சொன்னதுதான். இது ஒண்ணு கடலுக்குப் போவட்டும். முழுசா வந்துச்சின்னா பேசலாம்."

படகு போனது. ஓசூர்க்காரர் மூன்றாவது தரம் கூப்பிட்டார். இந்த முறை வீட்டுக்காரர் என் முன்னாலேயே பேசினார். "ஒரு வாரம் டைம் குடு அண்ணே. ஒரு சாமான் கடல்ல கீது. அது வந்தா சொல்றேன்." அந்த வாரம் பையை ஆணியிலிருந்து அவர் எடுக்கவும் இல்லை, நான் எடுக்கவும் இல்லை. ஷெட்டில் ஒரு கப்பி வார்த்தோம். அதற்கு என் பழைய ஸ்கேல்தான். அதன் ஒரு முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கியூபோலாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். டேப்பை ஹாமர் பக்கம் மாட்டினேன்.

எட்டாம் நாள் படகு வந்தது. நாங்கள் போகும்போது பலகைகளை மேலே தூக்கி வைத்திருந்தார்கள். பட்டை அடிப்பக்கம் வெள்ளிபோல் தேய்ந்து பளபளத்தது. வளையவில்லை. படகுக்காரர் காலால் உதைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தன் இன்னொரு படகின் பலகையைக் காட்டினார். வேறு இடத்தில் வாங்கிய பட்டை ஒரு முனையில் பலகையை விட்டுப் பெயர்ந்திருந்தது.

"இத்த மாத்தணும்," என்றார். "மத்த ரெண்டையும் அளவு எடுத்துக்கோ. ஆனா மாமு, உன் வூட்டுக்காரம்மா அளக்கறதா இருந்தா, எந்த ஸ்கேலுன்னு கேட்டுக்கோ."

கொத்தனார் வாய் காசிமேடு வரை போயிருந்தது.

வீட்டுக்காரர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஆணியில் தொங்கிய அதே பைதான். சட்டையையும் லுங்கியையும் எப்போது வெளியே எடுத்து வைத்தார் என்று எனக்குத் தெரியாது. டேப்பின் ஒரு முனையைப் பலகையின் ஓரத்தில் அழுத்திப் பிடித்தார். மறு முனையில் நான் படித்தேன்.

"நாலு அடி ஒம்போது அங்குலம்."

"எழுதிக்கோ."

"இரு," என்றேன். "இன்னொரு தபா புடி."